சல்பா மருந்துகளும் சிறுநீரகமும்

நோய்க்கிருமிகளை வெல்லும் மருந்து என்றதும் பலர் நினைவுக்கு வருவது பெனிசிலின். ஆயின், பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு எட்டுமுன்னரே உலகெங்கும் உயிர்காத்து நின்றவை சல்பா மருந்துகள். அவற்றின் தொடக்க ஆண்டுகளில் சிறுநீரகத்துக்கு நேர்ந்த கேடும் சிறிதன்று. அக்கேடு இருவகைப்படும். ஒன்று மனிதரின் கவனக்குறைவால் வந்தது. மற்றது மருந்தின் இயல்பால் வந்தது. இரண்டையும் பிரித்தறிதல் இன்றும் பயனுடையது.

1935-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்டு டோமாக், ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமி தாக்கிய எலிகளை ‘புரொண்டோசில்’ என்னும் செஞ்சாயப் பொருள் பிழைக்கச் செய்ததை வெளியிட்டார். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார், அச்சாயம் உடலில் பிளவுபடும்போது பிறக்கும் சல்பனிலமைடு என்னும் நிறமற்ற பொருளே கிருமியை அடக்குகிறது என்று காட்டினர். அது 1908-ஆம் ஆண்டிலேயே தயாரிக்கப்பட்ட பழம்பொருள். தனியுரிமை கொண்டாட எவர்க்கும் வழியில்லை. ஆகவே பல கம்பெனிகள் அதை விற்க முன்வந்தன.

இத்தூள் நீரில் எளிதிற் கரையாது. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து மாசெங்கில் கம்பெனி, குடிக்கும் மருந்தாக விற்க வேண்டி, இதை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்புத் திரவத்தில் கரைத்தது. நிறமும் மணமும் சுவையும் பார்த்தனர். நஞ்சா என்று எந்த விலங்குக்கும் கொடுத்துப் பார்த்தாரில்லை. குடித்தோர் பலருக்குச் சிறுநீர் அற்றுப்போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் குழந்தைகள் பலர். கொன்றது சல்பனிலமைடு அன்று; அதைக் கரைத்த திரவமே.

அக்காலச் சட்டத்தில் விற்பனைக்கு முன் சோதிக்க வேண்டும் என்ற விதி இல்லை. ‘எலிக்சிர்’ என்னும் பெயர் சாராயம் சேர்ந்த மருந்துக்கே உரியது, இதில் சாராயம் இல்லை என்னும் பெயர்க்குற்றத்தையே அரசாங்கத்தார் சாட்ட முடிந்தது! 1938-ஆம் ஆண்டில் புதுச்சட்டம் பிறந்தது. தீங்கற்றது என்று காட்டிய பின்னரே புதுமருந்தை விற்கலாம் என்றாயிற்று.

இரண்டாவது கேடு நுட்பமானது. 1938-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த சல்பாபிரிடீன் நிமோனியாவை எதிர்த்துப் புகழ்பெற்றது. பர்மிங்ஹாம் நகரில் நடந்த சோதனையில், அம்மருந்து பெறாத 100 பேரில் 27 பேர் இறந்தனர். பெற்ற 100 பேரில் 8 பேரே இறந்தனர். ஆயினும் சிலருக்கு விலாப்புறத்தில் வலியும் சிறுநீரில் இரத்தமும் கண்டன. சிறுநீர் அடைபட்டோரும் உண்டு. காரணம் யாது? கல்லீரல் இம்மருந்தின் ஒரு பகுதியை வேறு வடிவாக மாற்றுகிறது. அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் அவ்வடிவம் கரைதல் அரிது. சிறுநீர் செறிவடையும்போது அது படிகங்களாகி நுண்குழாய்களை அடைக்கிறது. வியர்வை மிகுந்து சிறுநீர் குறையும் வெப்ப நாடுகளில் இவ்விடர் இன்னும் கூடுதல்.

காரணம் தெரிந்ததும் பரிகாரமும் தெரிந்தது. நோயாளியை நிறைய நீர் அருந்தச் செய்தனர். ஆப்பச்சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டைக் கொடுத்து அமிலத்தன்மையைத் தணித்தனர். 1940-களில் மற்றொரு வழியும் கண்டனர். மூன்று சல்பாக்களை ஒரே நீரில் இட்டால், ஒவ்வொன்றும் மற்றவை அங்கில்லாதது போலவே தன் அளவுக்குக் கரையும். ஆகவே ஒன்றை முழு அளவில் கொடாமல், மூன்றையும் மூன்றிலொரு பங்காகக் கலந்து கொடுத்தனர். மருந்தின் ஆற்றல் குன்றவில்லை, படிகம் குறைந்தது. பின்னர் எளிதிற் கரையும் சல்பாக்களும் வந்தன. சல்பாடயசீன் கொடுக்கும் டாக்டர் இன்றும் நீர் நிறைய அருந்தச் சொல்வது இதனாலேயே.

மருந்தின் இயல்பால் வந்த கேட்டை ஆராய்ச்சி இவ்வாறு அடக்கியது. கவனக்குறைவால் வந்த கேட்டைச் சட்டம் அடக்கிவிட்டதா? 2022-ஆம் ஆண்டில் நம் அண்டை நாடாகிய இந்தோனீசியாவில், டைஎத்திலீன் கிளைக்காலும் அதன் இனமான எத்திலீன் கிளைக்காலும் கலந்த மருந்துப் பாகுகளைக் குடித்து, 200-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று மாண்டனர். 1937-ஆம் ஆண்டின் பாடம் ஏட்டில் இருந்தது. பாகு தயாரித்த இடத்துக்கு அது சென்று சேரவில்லை. மருந்து கிருமியைக் கொல்லுமா என்பது முதற்கேள்வி. அது உடலைவிட்டு எவ்வழியே வெளியேறும், அதனுடன் வேறு எது உள்ளே போகிறது என்ற கேள்விகளையும் ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்டாக வேண்டும்.