திருகோணமலைத் துறைமுகமும் இருவாயியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் கோயிலிலிருந்தோ இயற்கைத் துறைமுகத்திலிருந்தோ தொடங்குவது மரபு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், 1795இல் ஆங்கிலேயர் என ஆதிக்கச் சக்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அத்துறைமுகத்தைக் கைப்பற்றிய கதை கோட்டைகளாலும் பீரங்கிகளாலும் கப்பல்களாலும் சொல்லப்பட்டு வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டில் அந்த ஆதிக்கம் விரலளவினும் சிறிய ஒரு பொருளிலும் தங்கியிருந்தது. இருவாயி எனப்படும் அப்பொருளின் வழியே இத்துறைமுகத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

இலக்கிய மாணாக்கராகிய எமக்கு இதில் என்ன அலுவல் என்ற வினா எழலாம். ஒரு சொல்லே எம்மை இங்கு இட்டு வந்தது. தமிழகத்தில் 'டையோடு' என்றும் 'இருமுனையம்' என்றும் வழங்குவதை ஈழத்துப் பாடநூல்கள் 'இருவாயி' என்கின்றன. மின்வாய்கள் இரண்டு உடையது என்பது பொருள். சுயமொழிக் கல்வி இயக்கத்தின் விளைவாக உருவான கலைச்சொற்களுள் இதுவும் ஒன்று. அச்சொல் யார் கைக்கு எதைக் கொண்டு சேர்த்தது என்பதற்குப் பின்னர் வருவோம்.

இருவாயியின் தொழில் எளிமையானது. அது மின்னோட்டத்தை ஒரு திசையில் செல்லவிடும். மறு திசையில் தடுக்கும். தொடக்ககால வெற்றிடக் குழாயில், சூடேற்றப்பட்ட கதோட்டிலிருந்து வெளிப்படும் இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாயும். அனோட்டு சூடேறாதது, ஆதலால் எதிர்ப்பாய்ச்சல் இல்லை. இன்றைய குறைகடத்தி இருவாயியில் சிலிக்கனின் இரு பகுதிகள் வெவ்வேறு மாசுகள் கலந்து அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை கூடும் சந்தியில் ஏற்றங்கள் வறிதான ஒரு படை தோன்றுகிறது. முன்முகமாக அழுத்தம் கொடுத்தால் அப்படை ஒடுங்கி ஓட்டம் செல்லும்; பின்முகமாகக் கொடுத்தால் அது அகன்று வழியை மறிக்கும்.

இந்த ஒருவழித்தன்மையின்றி வானொலி பேசாது. வானொலி அலை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை இருபுறமும் சமமாக ஆடுகிறது. பேச்சின் ஏற்ற இறக்கம் அவ்வாட்டத்தின் வீச்சிலே பொதிந்துள்ளது. இருபுறமும் சமமாதலால் சராசரி சூனியம், செவிக்கருவி அசையாது. ஒரு பாதியை இருவாயி வெட்டி நீக்கியதும் எஞ்சிய பாதியின் வீச்சு குரலாக மீள்கிறது.

சல்பைட்டுப் பளிங்குகளின் இவ்வொருவழிப் பண்பை 1874இலேயே ஜெர்மனியில் பிரௌன் கண்டறிந்தார். அதனை மின்காந்த அலைகளை உணரும் கருவியாக்கியவர் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ். கலீனாப் பளிங்கைக் கொண்ட அவரது உணர்கருவிக்கு 1901இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904 மார்ச்சில் வழங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மார்க்கோனி நிறுவனத்தின் ஆலோசகரான பிளெமிங் வெற்றிடக் குழாய் இருவாயிக்கு இலண்டனில் காப்புரிமை கோரினார். இதனை இந்தியர் முந்திக்கொண்ட பெருமையாக மட்டும் கூறி அமைவது நம்மவர் வழக்கம். காப்புரிமையில் நாட்டமற்ற போஸ் தமது உரிமையைக் கைவிட்டார் என்பதும், பிளெமிங்கின் குழாய்க்குப் பின்னே ஒரு நிறுவனமும் அந்நிறுவனத்தின் பின்னே கடல்வழி வணிகத்தையும் கடற்படையையும் இணைக்க வேண்டிய ஒரு பேரரசின் தேவையும் நின்றன என்பதும் அதனினும் மனங்கொள்ளத்தக்கவை. கண்டுபிடிப்பு கல்கத்தாவில் நிகழலாம். அது உற்பத்திச் சக்தியாக மாறும் இடத்தை மூலதனமே தீர்மானித்தது.

திருகோணமலைக்கு இக்கருவி வந்த விதம் இதற்குச் சான்று பகரும். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது தக்க முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டபோது நிலை வேறு. எலிசபெத் முனையில் பிரித்தானிய விமானப்படை நிறுவியிருந்த ராடர் நிலையம் விமானங்கள் துறைமுகத்தை எட்டுமுன்னரே அவற்றைக் கண்டுகொண்டது. சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. ராடர் என்பது வானொலித் துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் கருவி. அந்த மெல்லிய எதிரொலியைத் திரையிற் புள்ளியாக்கும் வேலை, வானொலிப் பெட்டியிற் போலவே, ஒருவழிப்படுத்தும் உறுப்பினுடையது. எனினும் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் விமானப் பாதுகாப்பின்றி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டறிதல் ஒன்று, காத்தல் வேறொன்று.

ராடர் அக்காலத்தின் காவலிடப்பட்ட இரகசியம். கடற்படைத் தளத்தில் உழைத்த தமிழ், முஸ்லிம், சிங்களத் தொழிலாளரின் உழைப்பு துறைமுகத்துக்கு வேண்டியிருந்தது. அக்கருவியின் அறிவோ அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் தளத்தைப் பொறுப்பேற்றது. கொடி மாறியது. அறிவின் கைமாற்றம் அத்துணை விரைவில் நிகழக்கூடியதன்று.

காலனித்துவப் பொருளாதாரமே ஓர் இருவாயி, செல்வம் அதனூடே ஒரு திசையில் மட்டுமே பாய்ந்தது என்று எழுத இவ்விடத்தில் எமக்கும் ஆசை எழுகிறது. அவ்வுவமை கவர்ச்சியானது, ஆனால் தவறானது. சுரண்டல் ஒரு பளிங்கின் இயல்பன்று. அது மனிதரிடையேயான உறவு. இருவாயி எவர் சுற்றில் இணைத்தாலும் அவ்வாறே தொழிற்படும். ஆகவே கேட்கவேண்டியது சுற்று யாருடையது என்பதே.

1980களில் இவ்வினா புதிய வடிவில் திரும்பியது. திருகோணமலையில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம் அஞ்சல் ஒலிபரப்பு நிலையமொன்றை அமைத்தது. நூற்றுக்கணக்கான கிலோவாற்று வலுவுள்ள பரப்பிகளுக்கு உயர் அழுத்த நேரோட்டம் தேவை. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கிகள் இருவாயிகளின் தொகுதியே. அந்நிய ஒலிபரப்பு வசதிகள் அயல்நாட்டுக்கு ஐயத்தைத் தந்தன. 1987 ஜூலை 29ஆம் திகதிய இந்திய - இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் பற்றிய வாசகங்களுடன், அந்நிய ஒலிபரப்பு நிறுவனங்களுடனான உடன்படிக்கைகள் மீளாய்வு செய்யப்படும் என்ற வாசகமும் இடம்பெற்றது. அவ்வசதிகள் பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படவேண்டும், இராணுவ அல்லது உளவு நோக்கங்களுக்கு அல்ல என்பது அதன் சாரம். திருகோணமலை மக்களின் கருத்தை எவரும் வினவியதாகக் கடிதங்களில் இல்லை. 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது.

ஒலிபரப்புவோரைப் பற்றி இவ்வளவும் கூறியபின் கேட்போரைப் பற்றிக் கூறாதிருத்தல் தகாது. அதற்குத் திருகோணமலையிலிருந்து வடக்கே யாழ்ப்பாணக் குடாநாடு வரை செல்லவேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் அங்கு மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடுக்கப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. வானொலிப் பெட்டி இருந்தது, லண்டன் தமிழோசை வந்தது, கேட்பதற்கு மின் இல்லை. மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவை நாடினர். வண்டியை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர்.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இரண்டுக்கும் இடையே நிற்கவேண்டியவை நான்கு இருவாயிகள். அவற்றைச் சாய்சதுரமாகப் பிணைத்தால், ஓட்டம் எத்திசையில் வந்தாலும் எதிரெதிரான இரண்டு திறந்து ஏனைய இரண்டும் மூடிக்கொள்ளும். வெளியேறும் முனையில் திசை மாறாது. பாலச் சீராக்கி என்று பாடநூல் கூறுவது இதுவே. குறுக்கே ஒரு கொள்ளளவியை இட்டால் துடிப்பு சமப்படும். நட்டமும் உண்டு. சிலிக்கன் இருவாயி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 வோல்ட்டை விழுங்கும். பாதையில் எப்போதும் இரண்டு இருப்பதால் 1.4 வோல்ட் போகும். 6 வோல்ட் டைனமோவுக்கு இது சிறிய வரியன்று. ஜெர்மானியம் இருவாயி கிடைத்தால் நட்டம் பாதிக்கும் குறையும். மிதிப்பவரின் கால் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும்.

இச்சுற்றில் புதுமை ஏதுமில்லை. உயர்தர வகுப்புப் பௌதிகத்தில் உள்ளதே. அதுவே எமது கவனத்துக்குரியது. ராடர் நிலையத்தில் இரகசியமாகவும், அஞ்சல் நிலையத்தில் அந்நியர் உடைமையாகவும் இருந்த ஒரு பொருள், குடாநாட்டில் பாடநூலில் வரைந்து பார்த்த படமாக இருந்தது. தாய்மொழியிற் பௌதிகம் படித்தவர் வாழும் ஊரில் அச்சுற்று ஆங்கிலமறிந்த சிலரின் மறைபொருளாக இருக்கவில்லை. தனித்தமிழ்ப் பற்றின் பேரிலோ நகைப்பின் பேரிலோ கலைச்சொல்லாக்கத்தைப் பேசும் நம் விமர்சகர் இருதிறத்தாரும் இதனை எண்ணிப் பார்த்ததில்லை. தடையை வென்ற மகிழ்ச்சிக் கதையாக இதனைக் கொள்வதும் பொருந்தாது. பற்றரியின்றி மருந்தின்றி வாழ நேர்ந்தவர் அதனைத் தாமாகத் தேர்ந்துகொள்ளவில்லை.

பழுதான வானொலிகளிலிருந்து கழற்றிய உறுப்புக்களை ஈயப்பற்று வைத்து இணைத்தவர்கள் அவற்றை 'இருவாயி' என்றனரா, 'டயோட்' என்றனரா, அன்றி வேறு பெயர் இட்டனரா? எமது போர்க்கால இலக்கியத்தில் மிதிக்கும் கால் உண்டு, கேட்கும் காது உண்டு. பற்றுவைத்த கை அருகியே காணப்படுகிறது. அவர்களில் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பௌதிகத் துறையினரும் தமிழ்த் துறையினரும் ஒருங்கே சென்று, சுற்று வரைபடங்களையும் அவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும். திருகோணமலையில் கடற்படைத் தளத்திலும் அஞ்சல் நிலையத்திலும் பணிபுரிந்தோரிடமும் இதே வினாக்களைக் கேட்கலாம்.