கேபிள் டெஸ்டரின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு

நெட்வொர்க் கேபிள்களைச் சோதிக்கும் கைக்கருவியில் பதிந்திருக்கும் நிரலை, உற்பத்தி நிறுவனம் வெளியிடும் புதிய பதிப்பால் மாற்றுவதே ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. எட்டுக் கம்பிகளும் வரிசைப்படி சேர்ந்திருக்கின்றனவா என்று விளக்கெரித்துக் காட்டும் மலிவான டெஸ்டர்களில் பெரும்பாலும் இதற்கு வேலையில்லை. தரச்சான்று வழங்கும் கருவிகளில்தான் இது முக்கியமாகிறது. ஃப்ளூக் நெட்வொர்க்ஸின் டிடிஎக்ஸ், டிஎஸ்எக்ஸ் போன்றவை சமிக்ஞை இழப்பையும், ஒரு ஜோடிக் கம்பியிலிருந்து அடுத்த ஜோடிக்குக் கசியும் சமிக்ஞையையும் அலைவெண் வாரியாக அளந்து, தரநிலை வகுத்த வரம்போடு ஒப்பிட்டு ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று சொல்கின்றன. அளவைத் தருவது மின்சுற்று. ஒப்பிடும் வரம்புகள் மென்பொருளில் இருக்கின்றன. ஆகவே புதுப்பிப்பு கருவியின் தீர்ப்பையே மாற்றக்கூடியது. டிடிஎக்ஸ் அறிக்கைகளில் மென்பொருளின் பதிப்பும் வரம்புகளின் பதிப்பும் தனித்தனி எண்களாக அச்சாவது வீணுக்கல்ல. ஒரு கட்டடத்தின் பாதிக் கேபிள்களைப் பழைய பதிப்பிலும் மீதியைப் புதியதிலும் சோதித்தால், விளிம்பில் தேறிய இணைப்புகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க முடியாமல் போகலாம். புதுப்பிக்க ஏற்ற நேரம், ஒரு பணி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிதான்.

ஒழுங்காக வேலை செய்யும் கருவியில் ஏன் கை வைக்க வேண்டும் என்று களப்பணியாளர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் தரநிலைகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2,000 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கக் கோரும் கேட் 8 கேபிள் வகைக்கு அமெரிக்கத் தரநிலை 2016இல் வந்தது. நான்கு ஜோடிகளிலும் மின்சாரம் அனுப்பும் முறை 2018இல் ஈதர்நெட் தரநிலையில் சேர்ந்தது. பழைய அட்டவணையோடு நிற்கும் கருவி, ஒப்பந்தம் கேட்கும் சோதனையைத் தன் பட்டியலில் காட்டாமலே இருக்கக்கூடும். புதிய பதிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற எதிர்த்திசை நம்பிக்கையும் செல்லாது. டிடிஎக்ஸ்-1800இன் அளவெல்லை 900 மெகாஹெர்ட்ஸ். எந்த ஃபர்ம்வேராலும் அதைக் கேட் 8 கருவியாக்க முடியாது, அதற்கு டிஎஸ்எக்ஸ்-8000 போன்ற வேறு வன்பொருள் தேவைப்பட்டது. ஆண்டுதோறும் ஆய்வகத்தில் செய்யும் கேலிப்ரேஷனுக்கும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு மாற்றாகாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் குறைவில்லை.

செய்முறை எளிது. சேமித்த முடிவுகளை முதலில் கணினிக்கு மாற்றிவிட்டு, கருவியைச் சார்ஜரில் செருகி, யுஎஸ்பி வழியாக நிறுவனத்தின் மென்பொருளோடு (ஃப்ளூக் கருவிகளுக்கு லிங்க்வேர்) இணைக்க வேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் நிரல் அரைகுறையாக நின்று, கருவி இயங்காமலே போகலாம். பலரும் மறப்பது, கேபிளின் மறுமுனையில் செருகும் துணைக்கருவியை: இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். அதன்பின் இரண்டையும் இணைத்து ரெஃபரன்ஸ் (அளவீட்டுக்கான அடிப்படை) அமைத்து, முன்பே அளந்து வைத்த ஒரு கேபிளை மறுபடி சோதித்துப் பழைய எண்களோடு ஒப்பிடுவது நல்லது. பணியின் நடுவில் அளவீட்டையே பாதிக்கும் பிழை ஒன்றை நிறுவனம் அறிவித்தால் மட்டும் இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே புதுப்பித்து, அந்தப் பிழை தொட்ட இணைப்புகளை மறுசோதனை செய்து, இரு பதிப்பு எண்களையும் அறிக்கையில் குறிக்க வேண்டும்.