குடவோலையும் புதுவரவுப் பட்டியலும்

போன பொங்கலுக்கு உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் தவணையில் புது டி.வி. வாங்கிப் போட்டிருந்தான். ஸ்விட்சைப் போட்டதும் முன்போல ஏதாவதொரு சேனல் ஓடத் தொடங்கவில்லை. வரிசை வரிசையாகப் படங்கள் நின்றன. மேலே ‘புதிய வரவுகள்’ என்று ஒரு வரி. போன வாரம் இல்லாத இரண்டு செயலிகள் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தன. பெரியம்மா கேட்டார்: “யாருடா இதையெல்லாம் கொண்டாந்து வெச்சது? நாம கேக்கவே இல்லியே.” மகன் சொன்னான்: “அது தானா வரும்மா. புடிச்சத நீ செலக்ட் பண்ணிக்க வேண்டியதுதான்.”

பெரியம்மாவின் கேள்வி அரசியல் கேள்வி. மகனின் பதில் நம் காலத்துக் கருத்தியல். ‘தானா வரும்’ என்பது அதிகாரத்தை மறைக்கிறது. ‘நீ தேர்ந்தெடு’ என்பது அந்த மறைப்புக்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுகிறது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்பதை இந்தப் பக்கத்து ஊர்களில் தொலைக்காட்சி வந்து சேர்ந்த வரலாற்றை வைத்துப் பார்க்கலாம்.

1

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைத்தான் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வைத்து, வாரியங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்தக் கல்வெட்டைப் பெருமையோடு எடுத்துப் பேசினார்.

ஆனால் ஓலை எடுப்பதைப் பேசுகிற அளவுக்கு ஓலை எழுதுவதை யாரும் பேசுவதில்லை. அதே கல்வெட்டு சொல்கிற தகுதிகளைப் பாருங்கள்: இறை செலுத்துகிற கால் வேலி நிலமாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல், 70க்குள், வேதம் அறிந்திருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் கூடுதலாகக் கற்றவனுக்கு நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். இது சதுர்வேதிமங்கலத்துச் சபை. அந்த நிலத்தில் உழுதவனின் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ குடத்துக்குள் விழ வழியே இல்லை. சிறுவனின் கை கள்ளமற்றதாக இருக்கலாம், குடம் கள்ளமற்றதல்ல. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய விதி நல்ல விதிதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வு தொடங்குவதற்கு முன்பே முக்கியமான தேர்வு முடிந்துவிடுகிறது என்பதே இந்தக் கல்வெட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம். அதோடு தொலைக்காட்சிக்கு வருகிறேன்.

2

1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, இந்திய அரசு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிப் பார்த்தது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. நமக்கு வந்தது அதே ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னை நிலையம். நெருக்கடி நிலைக் காலம். அரசின் குரலாகவே தொலைக்காட்சி இங்கே பிறந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து 80, 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற எங்கள் பக்கத்துக்கு அலை தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆன்டெனாவை உயரக் கம்பத்தில் கட்டி, பூஸ்டர் வைத்து, ஒருவர் கூரைமேல் நின்று திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து “கோடு கோடா வருது, இன்னும் கொஞ்சம் திருப்பு” என்று கத்துவார். பஞ்சாயத்து ரேடியோ கேட்டுப் பழகிய இடத்திலேயே பிறகு பஞ்சாயத்து டி.வி. வந்தது. ‘வயலும் வாழ்வும்’, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமைப் படம். 1987 ஜனவரியில் தொடங்கிய இந்தி ராமாயணத்தையும் மொழி புரியாமலேயே உட்கார்ந்து பார்த்தோம்.

‘உட்கார்ந்து’ என்று நான் எழுதுவது எல்லோருக்கும் பொருந்தாது. டி.வி. ஊர்த்தெருவில் இருந்தது. காலனிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். சினிமாக் கொட்டகைதான் தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம், அங்கே சாதியைவிடக் கொடுத்த காசுதான் இடத்தைத் தீர்மானித்தது என்று கா. சிவத்தம்பி 1981இல் வெளியான தன் சிறுநூலில் வாதிட்டார். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்த யாருக்கும் இது புரியும். டி.வி. அந்தக் கூரையைப் பிரித்து மறுபடியும் தெருவுக்குள் கொண்டுபோய் வைத்தது. ஆனாலும் ஒன்று இருந்தது: அது பஞ்சாயத்தின் பொருள். “எங்களுக்கும் ஒரு பெட்டி வை” என்று கேட்க ஒரு இடம் இருந்தது. கேட்டார்கள், சண்டை போட்டார்கள், சில ஊர்களில் வாங்கவும் செய்தார்கள்.

3

எண்பதுகளில் ‘டெக்’ வந்தது. திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் வாடகைக்கு டெக்கும் கேசட்டும் எடுத்து, விடிய விடிய மூன்று படம். எந்தப் படம் என்று தெருவே கூடிச் சண்டை போட்டு முடிவு செய்யும். 1991இல் வளைகுடாப் போரும் அதே ஆண்டு ஸ்டார் டி.வி.யும் வந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியது. மாடியில் டிஷ் வைத்து, தென்னையிலும் வேம்பிலும் வயரைக் கட்டி இழுத்துக்கொண்டு போன கேபிள்காரர் தொண்ணூறுகளின் புது மனிதர். அவர் புனிதர் ஒன்றும் அல்ல. வசூலிலும் வயரிலும் சாதியும் கட்சியும் ஓடின. ஆனால் அவருக்கு முகம் இருந்தது. “ஏம்பா, அந்தச் சேனல ஏன் எடுத்துட்ட?” என்று டீக்கடையில் வைத்துக் கேட்கலாம். ஊர்த் தேர் வந்தால் தன் உள்ளூர்ச் சேனலில் அதைப் போடுவார்.

இந்த நேரத்தில்தான் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசும் அதை ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது, பொதுநலனுக்காக அதை ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி கொண்ட பொது அமைப்பு வேண்டும். அதே ஆண்டின் கேபிள் சட்டம், தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்றது. தூர்தர்ஷன்மேல் நமக்கு என்ன விமர்சனம் இருந்தாலும், பட்டியலில் பொதுவுக்கு என்று ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்கிற கொள்கை சட்டமாக இருந்தது. தீர்ப்பு கேட்ட தன்னாட்சி அமைப்பு மட்டும் வரவேயில்லை.

பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே உரியது. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சியை வாக்குறுதியாக வைத்தது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. ‘ஓசி டி.வி.’ என்று படித்தவர்கள் கேலி செய்தார்கள். வழக்கும் நடந்தது, இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேலி செய்தவர்கள் பார்க்கத் தவறியது ஜன்னலை. வெளியே நின்ற பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே பெட்டி வந்துவிட்டது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்காதவர்கள். ஆனால் பெட்டியைக் கொடுத்த அரசியலுக்கு நெருக்கமானவர்கள் கையில்தான் சேனலும் கேபிளும் இருந்தன என்பதும் உண்மை. 2007இல் அரசு கேபிள் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆளும் குடும்பத்துக்குள் பகை தணிந்ததும் தூங்கிப்போனது. ஆட்சி மாறி 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு எழுந்து வந்தது. அதன்பின் எதிர்க்கட்சிச் சேனல்கள் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன என்ற புகாரும் எழுந்தது. பட்டியலில் எத்தனையாவது எண் என்பதே அரசியல் ஆனது அப்போதுதான். அந்த அரசியல் அசிங்கமாகவே இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது. திட்டவும் முடிந்தது, ஓட்டுப் போட்டு மாற்றவும் முடிந்தது.

4

2015இல் ஹாட்ஸ்டார், 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ், அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோவின் மலிவு இணையம், டிசம்பரில் அமேசான் பிரைம், 2017இல் சன் நெக்ஸ்ட், 2022இல் ஆஹா தமிழ். இதற்கிடையில் 2020 கொரோனா முடக்கத்தில் கொட்டகைகள் மூடிக் கிடந்தபோது, மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரே அமேசானில் வந்தது. திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள். 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை வீட்டு டிஷ்ஷில் முதலில் காட்டக் கமல்ஹாசன் முயன்றபோது தடுக்க முடிந்த அவர்களால் இம்முறை தடுக்க முடியவில்லை.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல், தொலைக்காட்சியின் அடிப்படை இயல்பு தனித்தனி நிகழ்ச்சிகளில் இல்லை, இடைவிடாத ‘ஓட்ட’த்தில் இருக்கிறது என்றார். செயலித் தொலைக்காட்சியில் அந்த ஓட்டத்துக்கு முன்னால் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. இனி அதிகாரம் இருப்பது இந்தப் பட்டியலில். யார் முதல் வரிசை, யார் மூன்று தரம் பொத்தானை அமுக்கினால் மட்டும் வருகிறவர், ரிமோட்டிலேயே தனிப் பொத்தான் யாருக்கு – இவையெல்லாம் கம்பெனிகளுக்குள் நடக்கிற பேரம். அமெரிக்காவில் 2008இல் நெட்ஃபிளிக்ஸ் பார்க்க ஒரு சின்னப் பெட்டியை விற்கத் தொடங்கிய ரோக்கு என்கிற கம்பெனி, இன்று பெரும் வருமானம் பார்ப்பது பெட்டி விற்றல்ல. விளம்பரத்திலும், தன் பட்டியல் வழியாகச் சேருகிற சந்தாவின் பங்கிலும்தான். அதாவது விற்கப்படும் சரக்கு பெரியம்மாவின் பார்வை. ‘புதிய வரவு’ என்பது அவருக்கான அறிவிப்பு அல்ல. அவரைப் பற்றிய ஒப்பந்தத்தின் அறிவிப்பு. போட்டி அதிகமாகிறது என்பதும் பாதி உண்மைதான்: 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் ஒரே செயலியாகிவிட்டன.

அரசு சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. 2021 பிப்ரவரியில் விதிகள் வந்தன: எந்தப் படத்துக்கு எந்த வயது, யார் புண்பட்டால் எங்கே புகார். படத்தில் என்ன பேசலாம் என்பதில் கண்காணிப்பு. பட்டியலில் யார் இருக்கலாம் என்பதில் மௌனம். 1995இன் கேபிள் சட்டத்தில் இருந்த கட்டாய இடம் இங்கே இல்லை. இணையமும் ஏலம் விடப்பட்ட அலைக்கற்றையில்தான் கிராமத்துக் கைப்பேசிக்கு வருகிறது. அலை பொதுச் சொத்து என்றால், அதன்மேல் ஓடுகிற பட்டியலில் பொதுவுக்கு ஓர் இடமும் இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

ஓர் உதாரணத்தோடு நிறுத்துகிறேன். 2021 நவம்பர் 2 அன்று ‘ஜெய் பீம்’ வந்தது. 1990களில் நடந்த ஒரு லாக்கப் சாவு வழக்கை இருளர் வாழ்வாக வைத்துச் சொன்ன படம். தமிழ்நாடே பேசியது. இருளர் குடியிருப்புகள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏரிக்கரை ஓரமாகவும் செங்கல் சூளை, அரிசி ஆலைப் பக்கமாகவும் சிதறிக் கிடக்கின்றன. அந்தப் படம் கொட்டகைக்கு வரவில்லை. சந்தாவுக்குப் பின்னால் இருந்தது. யாருடைய கதையோ அவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டி அதைப் பார்த்திருப்பார்கள்? கைப்பேசியில் திருட்டுப் பிரதியாகப் பார்த்தவர்களைக் கள்ளர்கள் என்று எந்த வாயால் சொல்வது? டூரிங் டாக்கீஸாக இருந்தால் தரை டிக்கெட் எடுத்து, சக மனிதர்களோடு உட்கார்ந்து, சேர்ந்து அழுதிருப்பார்கள். அந்த இடம்தான் நம்மிடம் இன்று இல்லை.

5

பழையது நன்றாக இருந்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. பஞ்சாயத்து டி.வி.க்கு ஜன்னல் இருந்தது, கேபிளுக்குக் குடும்பங்கள் இருந்தன. நான் சொல்வது வேறு: ஒவ்வொரு கட்டத்திலும் பட்டியல் எழுதுகிறவரை நம்மால் சுட்டிக்காட்ட முடிந்தது. பஞ்சாயத்துத் தலைவர், கேபிள்காரர், முதலமைச்சர். இன்று சுட்டினால் விரல் திரையில்தான் முட்டுகிறது.

மாற்று உண்டா? கேரள அரசு 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்ற சொந்தச் செயலியைத் தொடங்கியது. சந்தா இல்லை, பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு. பிரசார் பாரதி அதே ஆண்டு நவம்பரில் ‘வேவ்ஸ்’ கொண்டுவந்தது. இரண்டும் அரசு கையில் இருப்பவை. சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் கேட்க ஓர் இடம் மறுபடியும் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு தரும் திட்டம் இருக்கிறது. அந்த இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல், நூலகத்துக்கும் காலனிச் சமுதாயக் கூடத்துக்கும் இருளர் குடியிருப்புக்கும் போய், அங்கே ஒரு பொதுத்திரை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். என்ன காட்டுவது என்பதைக் கிராமசபையில் பேசலாம்.

கிராமசபை என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, அந்தச் சபையில் உட்கார வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். கால் வேலி நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், ஆணாக இருக்க வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டை உண்மையில் மறுத்து எழுதியது இதுதான். பெருமை பேசுவதானால் இதைப் பற்றிப் பேசலாம்.

கிளம்பும்போது பெரியம்மா மறுபடியும் ரிமோட்டை நீட்டினார். “இதுல நம்ம ஊரு ஏரி உடைஞ்சா காட்டுமா?” என்று கேட்டார். மகன் செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான்.