கோயம்புத்தூர்க் கரும்பும் ஜானகி அம்மாளும்

இ. கே. ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4ஆம் நாள் மலபாரின் தலச்சேரியில் பிறந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் முடித்தார். சென்னையில் சிலகாலம் கற்பித்தபின் பார்போர் உதவித்தொகை பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு முதுகலை பெற்ற ஆண்டு 1925 என்றும் 1926 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. 1931இல் முனைவர் பட்டம் பெற்றதில் ஐயமில்லை. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தபின், 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

அவரது வாழ்வில் மிகுதியாகப் பேசப்படுவதும் பிழையாகப் பேசப்படுவதும் 1939 வரை அங்கு கழித்த இந்த ஐந்தாண்டுகளே. லைலா மெக்நீல் 2019இல் ஸ்மித்சோனியன் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு நாட்டை இனிக்கச் செய்தவர் என அவரைக் குறிக்கிறது. பின்வந்த பலர் இதையே பெருக்கி, இந்தியக் கரும்பின் இனிப்பே அவர் படைப்பு என்ற அளவுக்குக் கொண்டுபோயினர். கால வரிசை இதற்கு இடம் தரவில்லை. சி. ஏ. பார்பர் தலைமையில் 1912இல் தொடங்கிய அந்நிலையம், வெள்ளை என்னும் தடித்த கரும்பையும் நாணலையும் கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கி 1918இல் வெளியிட்டது. அப்போது ஜானகி அம்மாள் ஆனர்ஸைக்கூட முடித்திருக்கவில்லை. பார்பருக்குப்பின் டி. எஸ். வெங்கட்ராமன் அப்பணியைத் தொடர்ந்தார். வட இந்தியச் சர்க்கரை ஆலைகள் பெருகியதற்கோ கோ ரகங்களோடு 1932இன் இறக்குமதிக் காப்பு வரியும் காரணம்.

இனிப்பைப் பற்றிய வாதம் அறிவியலிலும் நிற்காது. இக்கலப்பில் இனிப்பு தடித்த கரும்பின் பங்கு. நாணல் தருவது தூர் கட்டும் திறனும் நோயையும் வறட்சியையும் தாங்கும் வலிமையும்தான். ஜானகி அம்மாள் முதன்மையாக ஆராய்ந்ததோ நாணலை. இந்திய நாணல் வடிவங்களின் குரோமோசோம்களை எண்ணி 1936இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரே பெயரில் வழங்கும் அப்புல் இடத்துக்கு இடம் வேறுபட்ட குரோமோசோம் எண்ணிக்கை கொண்டது எனக் காட்டியது. கோயம்புத்தூர் வடிவத்தில் 64 உள்ளன. தடித்த கரும்பில் 80. கலப்புக்கு எந்த நாணலைத் தேர்வது என்ற கேள்விக்குக் கண்மதிப்பைவிட உறுதியான அடிப்படை இதனால் கிடைத்தது. நிலையத்தின் பிற்காலத் தெரிவுகளை இந்த எண்ணிக்கைகள் எவ்வளவு வழிநடத்தின என்பதற்கு நேர்ச்சான்று குறைவு. ஆயினும் அவர் பங்கைத் தேட வேண்டிய இடம் இதுவே, சர்க்கரையின் அளவு அன்று. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தது பற்றி 1938இல் நேச்சர் இதழில் அவர் எழுதிய குறிப்பையும் இவ்வாறே கொள்ள வேண்டும். பேரின எல்லை தாண்டிய கலப்பு இயலும் என்பதே அதன் பயன். உழவர் வயலுக்குச் செல்லும் ரகம் அதன் நோக்கமாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

பெண் என்பதும் பிறந்த சாதியும் கோயம்புத்தூரில் அவருக்கு இடையூறாயின என்பர். அது உண்மையாயினும், 1939இல் அவர் கடல் கடந்ததற்கு உடனடிக் காரணம் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாடு. போர் மூண்டதால் பிரிட்டனிலேயே தங்கி, ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மரபியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து தொகுத்த பயிர்த்தாவரக் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வெளிவந்தது. கோ ரகம் எதையும்விட இந்நூலே அவர் பெயருக்கு உரிய நினைவுச்சின்னம். பின்னர் விஸ்லி தோட்டத்தில் ஆய்ந்த மக்னோலியாக்களில் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேருவின் அழைப்பின்பேரில் 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். பத்மஸ்ரீ விருது பெற்ற ஆண்டைச் சிலர் 1957 எனக் குறிக்கின்றனர். சரியான ஆண்டு 1977. இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக 1957இல் தேர்வானதோடு இது குழம்பியிருக்கலாம். 1970 முதல் சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் கள ஆய்வகத்தில் பணியாற்றி, 1984 பிப்ரவரியில் அங்கேயே காலமானார்.