மீனம்பாக்கம், பரந்தூர், தேவனஹள்ளி: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தின் விமான நிலையத் தேர்வு

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் எங்கே என்ற விவாதத்தில் 2000களின் பிற்பகுதியில் அடிபட்ட பெயர் ஸ்ரீபெரும்புதூர்தான். அந்த யோசனை கைகூடவில்லை. பிறகு பன்னூர், படாளம், திருப்போரூர், பரந்தூர் என்ற பட்டியல் வந்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பொதுவெளியில் கேட்கப்படுவது நகரவாசியின் கேள்வி: தியாகராய நகரிலிருந்தோ அடையாறிலிருந்தோ கிளம்புகிறவர் பரந்தூர் போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆகும்? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் திட்டத்துக்குச் சொல்லப்படும் பொருளாதார நியாயத்தில் பெரும்பங்கு தொழில்தடத்தை நம்பி நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையின் கார்கள், சுங்குவார்சத்திரத்தின் கைபேசிகள், ஒரகடத்தின் லாரிகள், வல்லம் வடகாலின் மோட்டார் சைக்கிள்கள் ஆகியவற்றுக்கான உதிரிபாகங்களும் ஏற்றுமதிப் பெட்டிகளும் எந்த ஓடுபாதையைத் தேடிப் போகும் என்பதை யாரும் முழுமையாகக் கேட்கவில்லை.

இக்கட்டுரையின் வாதம் இதுதான். இப்போதுள்ள மீனம்பாக்கமும் புதிய பரந்தூரும் சேர்ந்து இயங்கும் என்பது மாநில அரசு சொல்லிவரும் நிலை. அப்படியானால் எந்த விமானம் எங்கே இறங்கும் என்ற பங்கீட்டை, கட்டுமானத்துக்கு முன்பே, ஒப்பந்த ஆவணத்தில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் பரந்தூர் பெயரளவுக்கு நிற்கும், மீனம்பாக்கம் திணறும், தொழில்தடத்தின் சரக்கு இரண்டையும் தாண்டிப் பெங்களூருக்குப் போகும்.

முதலில் நிலவியல். மீனம்பாக்கத்திலிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் ஏறத்தாழ 30 கி.மீ. அங்கிருந்து மேலும் ஏறத்தாழ அதே தொலைவில் பரந்தூர். அதாவது தொழில்தடம் இரு நிலையங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரகடம் மீனம்பாக்கத்துக்குச் சற்று நெருக்கம். சுங்குவார்சத்திரம் பரந்தூருக்கு நெருக்கம். வடசென்னைக்கும் பழைய மாமல்லபுரச் சாலைக்கும் மீனம்பாக்கம் அருகில் என்பது வெளிப்படை. காஞ்சிபுரத்துக்கும் அரக்கோணத்துக்கும் பரந்தூர் அருகில் என்பதும் அப்படியே. தொலைவு தீர்மானிக்காத இடம் இந்த நடுப்பகுதி ஒன்றுதான். எனவே போட்டி நடக்கப்போகும் களமும் இதுவே.

தொலைவு தீர்மானிக்காத இடத்தில் எது தீர்மானிக்கும்? பல விமான நிலையங்கள் உள்ள பெருநகரங்களைப் பற்றிய ஆய்வுகள் இதில் தெளிவாக இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் மூன்று நிலையங்களை வைத்து 1980களில் கிரெக் ஹார்வி செய்த ஆய்வு, சென்றுசேரும் நேரத்தையும் நேரடி விமானங்களின் எண்ணிக்கையையும் முதன்மைக் காரணிகளாகக் காட்டியது. எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் டி நியூஃப்வில் இதை விமான நிறுவனங்களின் பக்கமிருந்து விளக்கினார். பயணிகள் அடிக்கடி விமானம் கிடைக்கும் நிலையத்துக்குப் போகிறார்கள். பயணிகள் இருக்கும் இடத்தில் நிறுவனங்கள் மேலும் விமானங்களைக் குவிக்கின்றன. ஆகவே பெரிய நிலையம் மேலும் பெரிதாகிறது. இரண்டாவது நிலையம் கட்டி முடித்தும் காலியாகக் கிடக்கிறது. திட்டமிடுபவர்கள் எதிர்பார்க்கும் சமப் பங்கீடு தானாக நிகழ்வது அரிது.

கனடாவின் மோன்ட்ரியால் இதற்கு முழுப் பாடம். 1975இல் மிராபெல் நிலையம் திறக்கப்பட்டது. பன்னாட்டு விமானங்கள் அங்கே போக வேண்டும், உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வாலிலேயே இருக்கும் என்று அரசு பிரித்தது. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றுக்குச் சாலையில் ஓட வேண்டிய பயணிகள் டொரொண்டோ வழியாகப் போகத் தொடங்கினார்கள். 1997இல் பன்னாட்டுச் சேவை டோர்வாலுக்கே திரும்பியது; 2004இல் மிராபெலின் கடைசிப் பயணிகள் விமானம் கிளம்பியது. விவசாயிகளிடமிருந்து எடுத்த நிலத்தின் பெரும்பகுதியை 1980களிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓர் ஊரைக் கலைத்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து நிலத்தைத் திருப்பித் தருவது இழப்பை ஈடுசெய்யாது. பரந்தூர்த் திட்டத்தை எதிர்க்கும் ஏகனாபுரத்து மக்களின் கேள்விகளைப் படிக்கும் எவரும் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இதுவரை கையாண்ட வழி வேறு. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் திறந்ததும் ஐதராபாத்தின் பேகம்பேட் மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் தேவனஹள்ளி திறந்ததும் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையத்தில் வழக்கமான பயணிகள் சேவை நின்றது. பயணிக்குத் தேர்வே இல்லை, ஒப்பந்தம் தேர்ந்தெடுத்துவிட்டது. கோவாவில் இரண்டும் இயங்குகின்றன. மோப்பா 2023 ஜனவரியில் சேவையைத் தொடங்கியது. பிறகு ஓமன் ஏர், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் டபோலிமை விட்டு மோப்பாவுக்குப் போய்விட்டன. தென்கோவாவின் சுற்றுலாத் தொழிலுக்கு இது பெரும் மனக்குறை. மும்பையில் நவி மும்பை நிலையம் 2025 டிசம்பரில்தான் இயங்கத் தொடங்கியது. அதிலிருந்து முடிவு எடுக்க இன்னும் காலம் கனியவில்லை.

சென்னையில் மீனம்பாக்கத்தை மூடுவது பேச்சில் இல்லை, இருக்கவும் கூடாது. 2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டது. மெட்ரோ ரயில் வாசல்வரை வருகிறது. ஆனால் அதன் எல்லை எல்லோருக்கும் தெரிந்ததே. ஏறத்தாழ 1,300 ஏக்கர் நிலம். ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு ஓடுபாதைகள். ஒருபுறம் பரங்கிமலை, சுற்றிலும் பல்லாவரம், பம்மல், கொளப்பாக்கம் என்று நெருக்கமான குடியிருப்புகள். இரண்டாவது ஓடுபாதைக்குக் கீழே அடையாறு. முனையம் எத்தனை கட்டினாலும் ஓடுபாதை பெருகாது. 2007–08இல் சென்னையும் பெங்களூரும் ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகள் என்ற அளவில் ஏறத்தாழச் சமமாக இருந்தன. 2024–25இல் பெங்களூரு 4 கோடியைத் தாண்டியது, சென்னை 2.2 கோடி அளவில் நின்றது. இந்த இடைவெளிக்கு மென்பொருள் துறையின் வளர்ச்சி உட்படப் பல காரணங்கள் உண்டு. ஓடுபாதை அவற்றில் ஒன்று மட்டுமே.

இனி சரக்கு. விமானத்தில் போகும் ஏற்றுமதிக்கு, கட்-ஆஃப் எனப்படும் ஒப்படைப்பு நேரம்தான் எல்லாம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கிளம்பும் விமானம் என்றால் அன்று மாலைக்குள்ளாகவே பெட்டிகள் சரக்கு முனையத்துக்குள் போயிருக்க வேண்டும். கஸ்டம்ஸ் அனுமதி, எக்ஸ்ரே சோதனை, பேலட்டில் அடுக்கி வலை போட்டு இறுக்குவது எல்லாம் அதற்குப் பிறகு. ஒரகடத்திலிருந்து வரும் லாரி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து, முடிச்சூர் அல்லது வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலைக்கு வருகிறது. பிற்பகலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலை முழுக்கக் கம்பெனி பேருந்துகள். நல்ல நாளில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம், மோசமான நாளில் அதைப்போல் இரு மடங்கு ஆகும். ஏற்றுமதி மேலாளர் சராசரி நேரத்தை வைத்துத் திட்டம் போட முடியாது. மோசமான நாளை வைத்தே போட வேண்டும். தொழில்தடத்தைப் பொறுத்தவரை மீனம்பாக்கத்தின் உண்மையான தூரம் என்பது இந்த நிச்சயமின்மைதான். பரந்தூருக்குப் போகும் சாலையில் இந்தக் கோளாறு இல்லை. நகரத்துக்கு எதிர்த்திசையில் ஓடும் லாரிக்கு நெரிசல் குறைவு. இது பரந்தூருக்குச் சாதகமான வலுவான வாதம். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதாது, ஏற்றிச்செல்ல விமானம் இருக்க வேண்டும். உலக வான்வழிச் சரக்கில் ஏறத்தாழ பாதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போகிறது. பிராங்க்பர்ட்டுக்கோ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ தினமும் போகும் பெரிய ரக விமானம் பயணிகளுக்காகப் பறக்கிறது. சரக்கு அதில் ஒட்டிக்கொள்கிறது. அந்த விமானம் மீனம்பாக்கத்திலேயே இருந்துவிட்டால், பரந்தூரின் சரக்கு முனையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தனிச் சரக்கு விமானங்களை மட்டும் நம்பி வாழ வேண்டும். தனிச் சரக்கு விமானத்தின் தேவை எப்படிப்பட்டது என்பதற்கு 2025 மார்ச் நல்ல சான்று. அமெரிக்க வரிவிதிப்புக்கு முன்னதாக ஆப்பிள் நிறுவனம் சுமார் 600 டன் ஐபோன்களைச் சென்னையிலிருந்து தனி விமானங்களில் அனுப்பியது. கஸ்டம்ஸ் அனுமதி நேரம் 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்கப்பட்டது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அவசரத்தில் அப்படிச் செய்யலாம். ஆண்டு முழுவதும் உதிரிபாகங்களை அனுப்பும் நடுத்தர நிறுவனம் தனி விமானம் பிடிக்க முடியாது. அதற்கு அடிவயிற்று இடம்தான் வேண்டும்.

இங்கே மூன்றாவது போட்டியாளர் வருகிறார். தேவனஹள்ளி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. மாலையில் கிளம்பும் லாரி விடிவதற்குள் போய்விடும். பெங்களூரு நிலையம் 2024–25இல் 5 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டது. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளின் சரக்கு அங்கே போவது தொழில் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பணி நடந்துவரும் 262 கி.மீ. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் தொடங்கி ஹொஸ்கோட்டேயில் முடிகிறது. அங்கிருந்து தேவனஹள்ளி எட்டும் தூரம். பரந்தூருக்கு வழி காட்டும் அதே விரைவுச்சாலை பெங்களூருக்கும் வழியைச் சுருக்குகிறது. திட்ட அறிக்கைகளில் விரைவுச்சாலை பரந்தூரின் பலமாக மட்டுமே எண்ணப்படுவது அரைக் கணக்கு.

பயணிகள் பக்கத்திலும் இதே கதை உண்டு. ஒரகடத்தின் ஜப்பானியத் தொழிற்சாலைகளை மனதில் வைத்து 2019 அக்டோபரில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் சென்னை–டோக்கியோ நேரடிச் சேவையைத் தொடங்கியது. சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது, சேவை நின்றது. ஒரு தொழில்தடத்தின் தேவை மட்டும் ஒரு நீண்டதூர விமானத்தைத் தாங்க முடியாது, நகரத்தின் பிற பயணிகளும் சேர்ந்தால்தான் இருக்கைகள் நிரம்பும். சென்னையின் பயணிகளை இரு நிலையங்களாகப் பிரித்தால், இப்படி விளிம்பில் நிற்கும் சேவைகள்தான் முதலில் போகும்.

எனவே பங்கீட்டில் செய்யக் கூடாத ஒன்று உண்டு: மோன்ட்ரியால்போல உள்நாடு இங்கே, வெளிநாடு அங்கே என்று பிரிப்பது. மதுரையிலிருந்து வந்து சிங்கப்பூர் விமானம் பிடிப்பவரைப் பரந்தூர்வரை சாலையில் அனுப்பினால், அவர் அடுத்த முறை பெங்களூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ போவார். நான் முன்வைப்பது இது. நீண்டதூரப் பன்னாட்டு விமானங்களும், அவற்றுக்கு ஊட்டம் தரும் உள்நாட்டு இணைப்புகளும் சேர்ந்தே பரந்தூருக்கு மாற வேண்டும். இரண்டையும் பிரிக்காமல், ஒரே பருவத்தில் மாற்ற வேண்டும். டெல்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத் போன்ற நகரங்களுக்கான குறுகிய வணிகப் பயணங்களும் சிறு விமானங்களும் மீனம்பாக்கத்தில் இருக்கலாம். நகரவாசிக்கு அன்றாடம் வேண்டியது அவைதான்.

இதற்கு மூன்று அரசாணைகள் தேவைப்படும், மூன்றும் டெல்லியின் கையில். 2020இல் வெளிநாட்டு நிறுவனங்களின் அட்டவணையற்ற சரக்கு விமானங்கள் ஆறு நகர நிலையங்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டன. சென்னை அதில் உண்டு, பரந்தூரும் அதில் சேர வேண்டும். அடுத்தது கட்டணம். மீனம்பாக்கம் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பழைய சொத்து. பரந்தூரின் மதிப்பீடு 27,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அந்தப் பணம் பயனர் மேம்பாட்டுக் கட்டணமாகவும் தரையிறங்கும் கட்டணமாகவும்தான் திரும்பி வரும். ஒரே நகரத்தில் மலிவான நிலையமும் விலையேறிய நிலையமும் அருகருகே இருந்தால் விமான நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏரா எனப்படும் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வழி செய்ய வேண்டும். மூன்றாவது, இருதரப்பு விமான ஒப்பந்தங்களின் இருக்கை ஒதுக்கீடு. துபாய் போன்ற தடங்களில் அது நிரம்பிவிட்டது. ஓடுபாதை புதிதாக வந்தாலும் புதிய இருக்கை வராது.

ரயில் பற்றி ஒரு சொல். பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூருக்கு ஏறத்தாழ 53 கி.மீ. மெட்ரோ திட்டமிடப்பட்டுள்ளது, முதல் கட்டம் சுங்குவார்சத்திரத்தோடு, சுமார் 28 கி.மீ.யில் நிற்கும். தொழிலாளர்களுக்கு இந்த முதல் கட்டமே பெரிய நன்மை. வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியில் தங்கும் பெண்களுக்கு விமான நிலையத்தைவிட நகரத்துக்குப் போய்வரும் ரயில் முக்கியம். ஆனால் நிலையம் திறக்கும் நாளில் ரயில் சுங்குவார்சத்திரத்தில் நின்றிருந்தால், நீண்டதூர விமானங்களை மாற்றுவது நடக்காது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே தண்ணீர் ஓடுகிறது. பாலாற்றிலிருந்து கிளம்பும் கம்பன் கால்வாய் வழியெங்கும் ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வருகிறது. பரந்தூர்த் திட்டப்பகுதி அதன் பாதையில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கு; செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கு; அடையாறு மீனம்பாக்கத்தின் ஓடுபாதைக்கு அடியில். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடிவரை திறக்கப்பட்டபோது மீனம்பாக்கம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. ஒரே நீர்வழியின் மேல்முனையில் ஒன்றும் கீழ்முனையில் ஒன்றுமாக இரு நிலையங்கள். மேலே ஏரிகளையும் நஞ்சையையும் மூடி ஓடுபாதை போட்டால், அங்கே தங்க வேண்டிய மழைநீர் கீழே விரைந்து வரும். ஒன்று வெள்ளத்தில் மூடும்போது மற்றது கைகொடுக்கும் என்று நம்புவதற்கு முன், ஒன்று மற்றதன் வெள்ளத்தைக் கூட்டாது என்று காட்ட வேண்டும். இந்த வெள்ளக் கணக்கு தொழில்தடத்துக்கும் பொருந்தும். நடுவில் இருப்பது அதுதான்.

கடைசியாக, நிலம். பன்னூரைவிடப் பரந்தூரில் இடம்பெயரும் குடும்பங்கள் குறைவு என்பது இடத்தேர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. ஏகனாபுரத்தில் 2022இலிருந்து நடக்கும் மாலைநேரப் போராட்டம் ஆயிரம் நாட்களைக் கடந்தது. திட்டத்துக்கு எதிரான கிராமசபைத் தீர்மானங்கள் திரும்பத் திரும்ப நிறைவேறின. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 5,700 ஏக்கர் அளவு நிலத்தை எடுக்கும்போது, அந்த நிலம் எந்தப் பணிக்காக எடுக்கப்படுகிறது என்பதை ஊராருக்குச் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்ற இறுதிக் கொள்ளளவு அதற்குப் பதிலாகாது. முதல் பத்தாண்டில் எந்தெந்த விமானங்கள், எந்த ஆணையின் பேரில் அங்கே வரும் என்ற அட்டவணைதான் பதில். மாநில அரசின் டிட்கோ நிறுவனம் ஏலம் கோரும் ஆவணத்தில் அந்த அட்டவணை இணைப்பாக இருக்க வேண்டும். மீனம்பாக்கத்தின் உரிமையாளரான இந்திய விமான நிலைய ஆணையம் அதில் கையெழுத்திட்ட தரப்பாக இருக்க வேண்டும். ஏலம் எடுக்கும் நிறுவனம், ஒரகடத்தின் ஏற்றுமதி மேலாளர், ஏகனாபுரத்து விவசாயி ஆகிய மூவரும் ஒரே தாளைப் படித்துப் பேசும் நிலை அப்போதுதான் வரும்.