வீரர் எழுதித் தந்ததை விற்கலாமா?

திடலில் பந்து விளையாடும் உங்கள் பிள்ளைக்கு, பிரபல வீரர் ஒருவர் கைப்பட நாலு வரி எழுதித் தந்தார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதை இணையத்தில் விற்றால் தப்பா?

சட்டம் என்ன சொல்கிறது?
தாள் உங்களுடையது, விற்கலாம். வரிகள் அவருடையவை. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். எனவே, முழுக் குறிப்பையும் படமெடுத்து விளம்பரத்தில் போடுமுன் யோசியுங்கள்.

நியாயம்?
1986 உலகக் கிண்ணத்தில் மரடோனாவிடம் சட்டையை மாற்றிக்கொண்ட ஸ்டீவ் ஹாட்ஜ், அதை 2022இல் ஏலத்தில் விட்டார். 7.1 மில்லியன் பவுண்டு கிடைத்தது. ஆனால் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்டின் பொருள்களை அவருடைய தாயார் 2013இல் ஏலத்துக்கு அனுப்பியபோது மகனே எதிர்த்தார். பெற்றோர் மன்னிப்புக் கேட்டனர்.

பொதுவான கையெழுத்து வேறு. உங்களை நம்பி எழுதிய சொந்த விஷயம் வேறு. குடும்பம், உடல்நலம் பற்றியிருந்தால் முதலில் அவரிடமே கேளுங்கள். பிள்ளையிடமும்தான்.

வாங்குகிறீர்களா?
எப்போது, எங்கே கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். போலி என்று தெரிந்தால், 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தை நாடலாம்.