உருகலும் மறைவெப்பமும்: ஒரு கண்டுபிடிப்பின் பின்னணி

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாக எழுதுவது நெடுங்கால மரபாகும். அதற்கு மறுதலையாக, ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் தொழிற்றுறைத் தேவையின் நேரடி விளைவாகக் காட்டுவாரும் உளர். திண்மம் திரவமாக உருகுதல் பற்றிய அறிவு வளர்ந்த முறை, இவ்விரு நோக்குகளும் போதா என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, உருகுநிலையை அடைந்த திண்மம் மேலும் சிறிதளவு வெப்பம் பெற்றதும் முற்றாகத் திரவமாகிவிடும் என்றே பொதுவாகக் கருதப்பட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்பித்த யோசேப் பிளாக் இதனை ஐயுற்றார். அக்கருத்து உண்மையாயின், மலைப்பனி முழுவதும் ஒருசேர உருகிப் பெருவெள்ளமாகப் பாய்ந்திருக்க வேண்டும். அதுவோ வாரக்கணக்கில் மெல்ல மெல்லவே கரைகின்றது.

1761 இல் அவர் ஒரே அளவான நீரை இரு கண்ணாடிக் குடுவைகளில் எடுத்து, ஒன்றை உறையவைத்தார். மற்றதை உறைநிலைக்கு அண்மைவரை குளிர்வித்தார். இரண்டும் ஒரே மண்டபத்தில் வைக்கப்பட்டன. நீர் அரைமணி நேரத்தில் 33 பாகை பரனைற்றிலிருந்து 40 பாகைக்கு உயர்ந்தது. 32 பாகையிலிருந்த பனிக்கட்டி உருகி அதே 40 பாகையை எய்தப் பத்தரை மணி நேரம், அதாவது 21 அரைமணிகள், சென்றன. அரைமணிக்கு 7 பாகை வீதம் அது பெற்ற வெப்பம் 147 பாகைக்குரியது. வெப்பமானி காட்டியதோ 8 பாகை உயர்வை மட்டுமே. எஞ்சிய 139 பாகைக்குரிய வெப்பம் உருகுதலிலேயே செலவாயிற்று. இதனையே பிளாக் மறைவெப்பம் என்றார். இன்றைய அளவீடு ஏறத்தாழ 144 ஆகும்.

இக்கண்டுபிடிப்பை ஜேம்ஸ் வாட்டின் நீராவி என்ஜினோடு இணைத்துக் கூறுவர். ஆனால் பனிக்கட்டிப் பரிசோதனை, வாட் 1765 இல் தனி ஒடுக்கியைக் கருதுவதற்கு முற்பட்டது. பிளாக்கின் கொள்கையிலிருந்தே தமது ஒடுக்கி பிறந்தது என்பதை வாட்டும் மறுத்துள்ளார். மறுபுறம், சுவீடனில் யோகான் வில்க்கே பனியை ஆராய்ந்து இதே முடிவைத் தாமாகவே அடைந்து 1772 இல் வெளியிட்டார். எனவே இதனை ஒரு மேதைக்கு மட்டுமே உரியதாக்குதலும் பொருந்தாது.

இருவருக்கும் பொதுவாயிருந்தது நம்பத்தகுந்த வெப்பமானியே. 1724 இல் தமது அளவுத்திட்டத்தை வெளியிட்ட பரனைற், கருவிகள் செய்து விற்ற கைவினைஞர். சமூக உழைப்பு அறிவியலுள் புகும் வழிகளுள் கருவியும் ஒன்றென இதனால் அறிகிறோம்.

வெப்பத்தை ஒரு நுண்பாய்பொருளாகக் கருதிய கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வீழ்ந்தது. துணிக்கைகளின் பிணைப்பைத் தளர்த்துவதில் அவ்வெப்பம் செலவாகின்றது என்பதே இன்றைய விளக்கம். கொள்கை மாறியபோதும் அளவீடு நிலைத்தது. கோட்பாட்டாளரைப் போற்றும் வரலாறு, கண்ணாடிக் குழாயில் அளவுக்கோடிட்ட கைகளையும் தன் பக்கங்களிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.